மீளாமையை இழந்த காலம்: ‘டெர்மினேட்டர் ஜெனிசிஸ்’ திரைப்படத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

காலப்பயணத்தைக் கருவாகக் கொண்ட அதிரடித் திரைப்படங்கள் ஏமாற்றமளிக்கும்போது, அவற்றின் காலத் தருக்கத்தில் உள்ள முரண்களே காரணமாகச் சுட்டப்படுவது வழக்கம். ஆலன் டெய்லர் இயக்கத்தில் 2015-இல் வெளிவந்த ‘டெர்மினேட்டர் ஜெனிசிஸ்’ படமும் பெரும்பாலும் அவ்வாறே மதிப்பிடப்பட்டது. நிகழ்ந்ததைத் திரும்பப் பெற இயலாத நிலையாகிய ‘மீளாமை’யைக் கைவிட்டதே அப்படத்தின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தொடரின் முதலிரு படங்களோடு ஒப்பிட்டும், படத்தின் கதைமாந்தரையும் தயாரிப்புச் சூழலையும் ஆராய்ந்தும் இக்கருதுகோள் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காலப்பயணம், மீளாமை, மூடிய வளையம், மறுதொடக்கம், தொடர்படம், அதிரடித் திரைப்படம்.

முன்னுரை

ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய ‘தி டெர்மினேட்டர்’ 1984-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 64 இலட்சம் டாலர் செலவில் உருவான அச்சிறு படம், அறிவியல் புனைவையும் துரத்தல் கதையையும் இணைத்து ஒரு நெடுந்தொடருக்கு வித்திட்டது. கேமரூனே இயக்கிய இரண்டாம் படம் 1991-இலும், ஜோனதன் மோஸ்டோ இயக்கிய மூன்றாம் படம் 2003-இலும், நான்காம் படம் 2009-இலும் வெளிவந்தன. ஐந்தாவதாக வந்தது ‘டெர்மினேட்டர் ஜெனிசிஸ்’. லேட்டா கலோகிரிடிஸ், பேட்ரிக் லூசியர் ஆகியோர் திரைக்கதை எழுதினர். முதற்படத்தில் கொலைகார இயந்திரமாகத் தோன்றிய அர்னால்டு ஸ்வார்செனேகர் இதில் முதிய காவலனாக நடித்தார்.

ஏறத்தாழ 15.5 கோடி டாலர் செலவில் உருவான இப்படம் உலகெங்கும் சுமார் 44 கோடி டாலர் வசூலித்தது. எனினும் அமெரிக்காவில் கிடைத்தது 9 கோடிக்கும் குறைவு; சீனாவில் மட்டும் 11 கோடிக்கு மேல் கிடைத்தது. 2017, 2018 ஆகிய ஆண்டுகளுக்குத் திட்டமிடப்பட்டிருந்த இரு தொடர்ச்சிகளும் கைவிடப்பட்டன. திறமையான நடிகர்கள், போதிய பொருள்வளம், முப்பதாண்டு கால இரசிகர் நினைவு ஆகிய மூன்றும் இருந்தும் படம் ஏன் வெறுமையாக முடிந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதலிரு படங்களும் இரு காலக் கொள்கைகளும்

‘ஜெனிசிஸ்’ படத்தை மதிப்பிட, அது எதைத் திருத்தி எழுத முற்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும்.

முதற்படத்தில் காலம் ஒரு மூடிய வளையம். 2029-இல் ஸ்கைநெட் என்னும் கணினி வலையமைப்பு மனிதரிடம் தோற்கும் நிலையில், எதிர்ப்புப் படைத் தலைவன் ஜான் கானரின் தாய் சாராவைக் கொல்ல ஓர் இயந்திரத்தை 1984-க்கு அனுப்புகிறது. அவளைக் காக்க வரும் வீரன் கைல் ரீஸ், அவள்மேல் காதல் கொண்டு ஜானின் தந்தையாகிறான், பின் இறக்கிறான். கடந்த காலத்தை மாற்ற ஸ்கைநெட் எடுத்த முயற்சியே தன் பகைவனின் பிறப்புக்குக் காரணமாகிறது. எதிர்காலத்தில் கைல் போற்றி வைத்திருந்த சாராவின் நிழற்படம், அவன் இறந்தபின் அவனை நினைத்துக்கொண்டிருக்கும் கணத்தில் எடுக்கப்பட்டது எனப் படத்தின் இறுதியில் தெரியவருகிறது. தன் இழப்பின் நிழலைத்தான் கைல் அறியாமலே நேசித்திருக்கிறான்.

இந்த வளையத்திற்கு வலிமை தருவது ஒரு சிறு விதி. காலப்பொறி ஒருவழிப் பாதை. வந்தவர் திரும்ப இயலாது. ஆடையோ ஆயுதமோ உடன் வாரா. எனவே கைலின் வருகையே ஒரு துறவுக்கு நிகரானது.

இரண்டாம் படம் இதற்கு நேர்மாறான காலக் கொள்கையை எடுத்துக்கொள்கிறது. 1997 ஆகஸ்டு 29-இல் நிகழவிருந்த அணுப்பேரழிவைத் தடுக்கலாம், எதிர்காலம் இன்னும் எழுதப்படவில்லை என்கிறது அது. முதற்படத்தின் மூடிய வளையத்தோடு இது தருக்கப்படி பொருந்தாது. ஸ்கைநெட் உருவாகாவிடில் கைல் வந்திருக்க முடியாது. கைல் வராவிடில் ஜான் இல்லை. இம்முரண் வெளிப்படையானது. ஆயினும் அப்படம் இன்றளவும் உயர்வாகவே மதிக்கப்படுகிறது. காரணம், மாறும் எதிர்காலத்திற்கு அது ஒரு விலையைக் கேட்கிறது. ஸ்கைநெட்டுக்கு வழிகோலும் ஆய்வை நடத்திய மைல்ஸ் டைசன் தன் வாழ்நாள் உழைப்பையும் உயிரையும் இழக்கிறான். சிறுவன் ஜானுக்குத் தந்தையைப் போல ஆகிவிட்ட இயந்திரம், தன்னிடமுள்ள சில்லு மீண்டும் தீங்குக்கு வித்தாகாதபடி உருகிய எஃகில் இறங்குகிறது. சிறுவனின் அழுகை அதை நிறுத்தவில்லை.

காலத்தை மாற்ற முடியாது என்ற படமும், மாற்ற முடியும் என்ற படமும் ஒருசேர வெற்றி பெற்றன. இரண்டிற்கும் பொதுவானது, செய்த செயலிலிருந்து திரும்ப இயலாமை. இதனையே இக்கட்டுரை ‘மீளாமை’ என்று குறிக்கிறது.

‘ஜெனிசிஸ்’ கதைப்போக்கு

‘ஜெனிசிஸ்’ 2029-இல் தொடங்குகிறது. ஜான் (ஜேசன் கிளார்க்) கைலை (ஜெய் கோர்ட்னி) 1984-க்கு அனுப்பும் கணத்தில் ஸ்கைநெட்டின் உருவம் ஒன்று ஜானைத் தாக்குகிறது. அதே நேரத்தில் தான் வாழாத இன்னொரு சிறுபருவத்தின் நினைவுகள் கைலுக்குத் தோன்றுகின்றன.

1984-இல் அவன் காண்பது அவனுக்குச் சொல்லப்பட்ட உலகம் அன்று. அவன் காக்க வந்த சாரா (எமிலியா கிளார்க்) அவனைக் காப்பாற்றுகிறாள். 1973-லேயே, அவள் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது, அவள் பெற்றோர் உருமாறும் இயந்திரம் ஒன்றால் கொல்லப்பட்டனர்; அவளைக் காக்க ஒரு டி-800 இயந்திரம் அனுப்பப்பட்டு, அவளை வளர்த்துப் போர்க்கலையும் கற்பித்துள்ளது. ‘பாப்ஸ்’ என்று அவள் அழைக்கும் அவ்வியந்திரத்தை அனுப்பியவர் யார் என்பது இறுதிவரை சொல்லப்படவில்லை.

சாராவும் கைலும் 2017-க்குச் செல்கின்றனர். அங்கு ‘ஜெனிசிஸ்’ என்னும் இயங்குதளம் உலகின் கருவிகள் அனைத்தையும் இணைக்கக் காத்திருக்கிறது. அதுவே ஸ்கைநெட்டின் புதுவடிவம். அதனைக் காக்க எதிர்காலத்திலிருந்து வந்திருப்பவன் ஜான். அவன் இப்போது மனிதன் அல்லன், நுண்துகள்களால் ஆன இயந்திரம். பெற்றோர் மகனை எதிர்த்துப் போரிடுவதே படத்தின் பிற்பாதி.

தருக்கம் என்னும் அளவுகோல்

மேற்கண்ட சுருக்கமே வினாக்கள் பலவற்றை எழுப்பும். ஜான் பிறப்பதற்குமுன் அவன் பெற்றோர் கொல்லப்பட்டால் அவன் எவ்வாறு இருக்கிறான்? வாழாத வாழ்வின் நினைவு கைலுக்கு எங்ஙனம் வந்தது? படம் இவற்றுக்கு விடை தர முயலாமல் இல்லை. காலத்தின் முக்கியக் கண்ணி ஒன்று மாறும்போது இரு வரலாறுகளின் நினைவும் ஒருவருக்குக் கிடைக்கலாம் என்று பாப்ஸ் விளக்குகிறது. தாங்கள் மூவரும் காலத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள், தங்களில் ஒருவரின் இறப்பு மற்றவரைப் பாதிக்காது என்று ஜான் கூறுகிறான்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜானின் விளக்கம் தருக்கச் சிக்கலைத் தீர்க்கிறது. அதே நேரத்தில் கதையின் உயிரைப் போக்குகிறது. சாராவின் வாழ்வும் ஜானின் பிறப்பும் ஒன்றையொன்று சார்ந்திருந்தமையே முதற்படத்தின் பதற்றம். அச்சார்பு அறுந்தபின், யார் இறந்தாலும் பிறர்க்கு யாதும் நேராது. காலப்பயணக் கதையில் விடை கிடைப்பது எப்போதும் நன்மையாகாது என்பதற்கு இது சான்று.

நிகழ்வுகள் மீண்டும் மீண்டும் அழித்தெழுதப்படுவதால்தான் இக்குறை நேர்ந்தது என்று கொள்ளவும் இயலாது. டக் லைமன் இயக்கிய ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ (2014) படத்தின் நாயகன் இறக்கும்போதெல்லாம் ஒரே நாள் மீண்டும் தொடங்குகிறது. அங்கு நிகழ்வுகள் மீளக்கூடியவை. அவன் நினைவு மீளாதது. தான் நேசிக்கத் தொடங்கிய பெண் பன்முறை இறப்பதை அவன் கண்டிருக்கிறான்; அவளோ அவனை ஒவ்வொரு காலையும் புதியவனாகவே காண்கிறாள். பின்னர் அவ்வாற்றலையும் இழந்து, உண்மையாகவே இறக்கக்கூடியவனாக அவன் இறுதிப் போருக்குச் செல்கிறான். மீளாமை நிகழ்வில் இல்லாவிடினும் நினைவிலேனும் இருந்தால் கதை நிற்கும் என்பதை அப்படம் காட்டுகிறது. ‘ஜெனிசிஸ்’ படத்தில் இரண்டிலும் அது இல்லை.

பயனற்ற வினை

தமிழில் ‘வினை’ என்னும் சொல் செயலையும், அச்செயல் திரும்பி வந்து பற்றும் விளைவையும் ஒருங்கே குறிக்கும். ‘ஜெனிசிஸ்’ படத்தில் முதற்பொருள் மட்டுமே உண்டு. கோல்டன் கேட் பாலத்தின்மேல் ஒரு பேருந்து தலைகுப்புறப் புரண்டு பாலத்தின் விளிம்பில் தொங்குகிறது. உள்ளிருந்தோர் சிறு காயங்களுடன் எழுந்து நடக்கின்றனர். வானூர்திகள் மோதுகின்றன, கட்டடங்கள் சரிகின்றன, மாந்தர் உடலிலோ மனத்திலோ அவற்றின் தடம் இல்லை. முதல் மூன்று படங்களும் அமெரிக்காவில் வயது வந்தோர்க்குரிய கடுமையான தரச்சான்றைப் பெற்றவை. ஐந்தாம் படம், நான்காம் படத்தைப் போலவே, பதின்வயதினரையும் அழைக்கும் தளர்ந்த தரச்சான்றுக்காக உருவாக்கப்பட்டது. குருதியின் அளவு குறைந்ததில் தவறில்லை. வலியின் பொருளும் உடன் குறைந்தது என்பதே இழப்பு.

உணர்வுத் தளத்திலும் இதே நிலைதான். ஒன்பது வயது முதல் சாராவிடம் அவள் ஊழ் சொல்லப்பட்டுவிட்டது: கைல் என்றொருவன் வருவான், அவனை அவள் விரும்புவாள், மகன் பிறப்பான், அவன் இறப்பான். முன்னறிந்த காதலை ஒரு பெண் எவ்வாறு எதிர்கொள்வாள் என்பது தொடரின் எப்படமும் எழுப்பாத வினா. அவனை நேசித்தால் அவன் இறப்பான் என்று அஞ்சி விலகும் சாராவின் நிலையில் ஓர் உண்மையான துயர நாடகம் இருந்தது. படம் அதைச் சில உரையாடல்களில் தொட்டுவிட்டுத் துரத்தல் காட்சிக்கு விரைகிறது. இறுதியில் கைல் இறக்கவில்லை. முத்தத்தோடு அவ்வினா கலைந்துவிடுகிறது.

ஜானின் முடிவு இதனினும் வியப்பளிக்கிறது. கைலைப் பொறுத்தவரை ஜான் தலைவன், நண்பன், இப்போது மகன். சாராவுக்கோ தன் வாழ்வின் பொருளாகச் சொல்லப்பட்டவன். அவனை அழித்தபின் இருவரும் அவனுக்காக வருந்தும் ஒரு காட்சிகூடப் படத்தில் இல்லை. இறவாத பகைவர்களுக்கு நடுவே, இறந்தவர்க்கான துயரத்திற்கும் இடமில்லாது போனது.

இரண்டாம் படத்தின் எஃகுலைக் காட்சியை நினைவூட்டும் இறுதிக் காட்சியில் இக்குறை முழுமையாக வெளிப்படுகிறது. காலப்பொறியின் காந்தப்புலத்தில் ஜானைப் பற்றி நிறுத்தும் பாப்ஸ், சாராவைக் காக்கும் பொறுப்பைக் கைலிடம் ஒப்படைத்துவிட்டுத் தன்னை இழக்கிறது. ஆனால் அதன் சிதைந்த உடல் நீர்ம உலோகத் தொட்டியில் விழுகிறது. சிறிது நேரத்தில் புதிய ஆற்றலோடு அது திரும்பி வருகிறது. ஒரு தியாகம் செய்யப்பட்டு, அடுத்த சில நிமிடங்களில் திரும்பப் பெறப்படுகிறது. நன்றியுரைப் பட்டியலின் இடையே ஸ்கைநெட்டின் உள்ளகமும் அழியாதிருப்பது காட்டப்படுகிறது. நன்மையின் இழப்பும் தீமையின் தோல்வியும் ஒருங்கே நீக்கப்பட்டபின், இரண்டு மணிநேரத்தில் நிகழ்ந்தது யாது என்னும் வினா பார்வையாளரிடம் எஞ்சுகிறது.

33 ஆண்டுகள்: படம் கண்டும் காணாத காலம்

படத்தில் காலத்தின் உண்மையான எடையைச் சுமப்பவர் இருவர். இருவரையும் படம் நகைச்சுவைக்கே மிகுதியும் பயன்படுத்துகிறது.

முதல்வர் பாப்ஸ். 1984-இல் நிகழ்ந்த போரில் அதன் கையின் தசை அரிக்கப்பட்டு உலோகம் வெளிப்படுகிறது. உயிருள்ள தசையால் மூடப்படாத பொருள் காலப்பொறியில் செல்ல இயலாது. எனவே சாராவும் கைலும் ஒரு நொடியில் கடக்கும் 33 ஆண்டுகளை அது நாள்தோறும் வாழ்ந்தே கடக்க வேண்டும். 2017-இல் அதன் தலைமுடி நரைத்திருக்கிறது. மூட்டுகள் சிலபோது இயங்க மறுக்கின்றன. இயந்திரம் முதுமையடைகிறது, மனிதர் இளமையாகவே இருக்கின்றனர். வளர்த்த மகளுக்காக மூன்று பத்தாண்டுகள் காத்திருந்த இயந்திரத்தின் தனிமை, இத்தொடர் கண்ட கற்பனைகளுள் மிகச் சிறந்த ஒன்று. அக்காத்திருப்பின் ஒரு நாளையேனும் படம் காட்டியிருக்கலாம். மாறாக, குறித்த நாளில் சாரா வந்திறங்கும் இடத்திற்குப் போக்குவரத்து நெரிசலால் பாப்ஸ் தாமதமாக வருவதாகக் காட்டிச் சிரிக்க வைக்கிறது.

இரண்டாமவர் ஜே.கே. சிம்மன்ஸ் நடித்த காவல்துறை அலுவலர் ஓ’பிரையன். 1984-இல் இளங்காவலராக இருந்தபோது உருமாறும் இயந்திரத்திடமிருந்து காப்பாற்றப்பட்டவர். அன்று கண்டதை எவரும் நம்பவில்லை. 2017-இல் உடன் பணியாற்றுவோரின் ஏளனத்திற்கு ஆளாகிய முதியவராக அவர் தோன்றுகிறார். சாராவையும் கைலையும் சற்றும் மூப்படையாத நிலையில் மீண்டும் காணும்போது அவர் முகத்தில் தோன்றும் நிம்மதி, தாம் பித்தர் அல்லர் என்று அறிந்த மனிதரின் நிம்மதி. காலப்பயணிகள் கடந்து செல்லும் ஒரு கணம் சாதாரண மனிதர் ஒருவரின் வாழ்நாளையே வளைத்துவிடுகிறது என்னும் உண்மை அவரிடம் மட்டுமே வெளிப்படுகிறது. அவர் சில காட்சிகளோடு படத்திலிருந்து மறைந்துவிடுகிறார். அவர் கதி பற்றிப் படம் பின்னர் பேசுவதில்லை.

இவ்விரு மாந்தரும் ஒன்றை உணர்த்துகின்றனர். மீளாமையின் ஆற்றலைப் படைப்பாளர்கள் அறியாதவர்கள் அல்லர். அதற்கான விதை திரைக்கதையிலேயே இருந்தது. அதற்கு வளர இடம் தரப்படவில்லை.

ஜெனிசிஸ் இயங்குதளம்: வளராத கருத்து

1984-இன் ஸ்கைநெட் பனிப்போர்க் கால அச்சத்தின் உருவம். அணுஆயுதக் கட்டுப்பாட்டைப் படைத்துறை இயந்திரத்திடம் ஒப்படைத்தால் யாது நேரும் என்பதே அன்றைய வினா. 2015-க்கு வேறு வினா தேவைப்பட்டது; படம் அதைச் சரியாகவே கண்டுகொண்டது. ஜெனிசிஸை எவரும் எவர்மீதும் திணிக்கவில்லை. கைப்பேசியும் வீடும் மருத்துவமனையும் ஒரே தளத்தில் இணையும் நாளை மக்கள் தாமே ஆவலோடு எதிர்நோக்குகின்றனர். அழிவு வாயிலை உடைத்துக்கொண்டு வராமல், விரும்பி அழைக்கப்பட்டு வருகிறது.

இக்கருத்து படத்தில் சுவர்த்திரைகளில் ஓடும் இறங்குமுக எண்களாக மட்டுமே நிலைபெறுகிறது. அத்தளத்தை நம்பி வாழும் ஒரு குடும்பமோ, அதை ஐயுறும் ஒரு பணியாளரோ காட்டப்படவில்லை. இரண்டாம் படத்தில் டைசனின் இல்லம், மனைவி, மகன் ஆகியோர் காட்டப்பட்டமையால் அவன் ஆய்வை அழிப்பதன் விலை புரிந்தது. ஐந்தாம் படத்திலும் டைசனும் அவன் மகனும் தோன்றுகின்றனர்; ஆனால் அவர்கள் ஒரு நிறுவனத்தின் மேடை உருவங்களாகவே நின்றுவிடுகின்றனர். விரும்பி ஏற்ற ஒன்றைத் திருப்பியளிப்பது எத்துணை அரிது என்பதும் மீளாமையின் ஒரு வடிவமே. அவ்வாய்ப்பும் நழுவியது.

தயாரிப்புச் சூழலும் மறுதொடக்கமும்

படத்தின் காலக் கொள்கையைத் தயாரிப்புத் துறையின் தேவையிலிருந்து பிரித்துக் காண இயலாது. பழைய தொடரின் பெயரை வைத்துக்கொண்டு கதையை முதலிலிருந்து தொடங்குவதே ‘மறுதொடக்கம்’ எனப்படுகிறது. இதற்குப் பழைய படங்கள் நினைவில் இருக்கவும் வேண்டும். புதிய படங்களைக் கட்டுப்படுத்தாமலும் இருக்க வேண்டும். காலப்பொறி இவ்விரண்டையும் கதைக்குள்ளேயே நிகழ்த்தித் தரும் கருவியாக அமைந்தது. 1984-இன் கிரிஃபித் வானாய்வகக் காட்சி ஏறத்தாழ அவ்வாறே மீண்டும் படமாக்கப்பட்டு, கணினி வரைகலையால் உருவான இளம் ஸ்வார்செனேகர் முதிய ஸ்வார்செனேகரோடு மோதுகிறார். தொழில்நுட்ப நோக்கில் இது பாராட்டத்தக்கது. ஆனால் பார்வையாளர் அங்குக் காண்பது 1984-ஐ அன்று. தம் நினைவில் உள்ள ஒரு படத்தை.

பாப்ஸை அனுப்பியவர் யார் என்னும் வினாவை அடுத்த படத்திற்கென ஒதுக்கி வைத்தமையும் இதே நோக்கின் விளைவே. அடுத்த படம் வரவில்லை. வினா அநாதையாக நின்றுவிட்டது. ஜான் இயந்திரமாக மாறியதே படத்தின் மையத் திருப்பம். அதுவும் வெளியீட்டிற்கு முன்பே முன்னோட்டக் காட்சியிலும் விளம்பரத் தாளிலும் வெளிப்படுத்தப்பட்டது. இயக்குநர் இதில் தமக்கு உடன்பாடில்லை என்பதைப் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். கதைக்குள் எந்நிகழ்வுக்கும் இறுதித்தன்மை தராத படம், கதைக்கு வெளியே தன் இரகசியத்தையும் காக்க இயலாமற் போனது.

2019-இல் கேமரூன் தயாரிப்பில் பங்கேற்க, டிம் மில்லர் இயக்கிய ‘டெர்மினேட்டர்: டார்க் ஃபேட்’ வெளிவந்தது. அது இரண்டாம் படத்திற்குப் பிந்திய எல்லாவற்றையும் நிகழாதவையாகக் கொண்டு தொடங்கியது. முன்னைய படங்களை அழித்தெழுதிய ‘ஜெனிசிஸ்’ தானும் அழித்தெழுதப்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. தொடரின் முதலிரு படங்களும் முரண்பட்ட காலக் கொள்கைகளைக் கொண்டிருந்தும் வெற்றி பெற்றமையால், தருக்க ஒருமை காலப்பயணப் படத்தின் முதன்மை அளவுகோல் ஆகாது.

2. ‘ஜெனிசிஸ்’ தன் தருக்கச் சிக்கல்கள் சிலவற்றிற்கு விடை தந்தது. அவ்விடைகளே மாந்தரிடையே இருந்த உயிர்ச்சார்பை அறுத்து, கதையின் பதற்றத்தைக் குறைத்தன.

3. கைலின் உயிர், பாப்ஸின் தியாகம், ஸ்கைநெட்டின் அழிவு ஆகிய மூன்றும் மீட்கப்பட்டமையாலும், ஜானின் இழப்பு துயருறப்படாமையாலும், படத்தில் எச்செயலுக்கும் விலை இல்லாது போனது.

4. பாப்ஸ், ஓ’பிரையன் ஆகியோரின் 33 ஆண்டுகளும், மக்கள் விரும்பி ஏற்கும் இயங்குதளம் என்னும் கருத்தும் மீளாமையைத் தாங்கவல்ல கூறுகளாக இருந்தும் வளர்க்கப்படவில்லை.

5. இக்குறை படைப்பாளரின் திறன் குறைவால் மட்டும் நேர்ந்ததன்று. எதனையும் முடித்துவிட விரும்பாத தொடர்படத் தொழிலின் இயல்போடு பிணைந்தது.

காலப்பயணத் திரைப்படங்களை ஆராய்வோர், ‘இது பொருந்துமா’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘இதில் திரும்பப் பெற முடியாதது எது’ என்றும் கேட்க வேண்டும். தமிழில் வெளிவரும் காலப்பயணப் படங்களை மதிப்பிடுவோர்க்கும் இவ்வினா பயன்படும். 1984-இன் எளிய படத்தில் ஒரு நிழற்படம் அவ்வினாவிற்கு விடையாக இருந்தது. அதனினும் இருபது மடங்குக்கு மேல் செலவழித்த படத்தில் அத்தகைய ஒரு பொருள் இல்லை.